அந்த லெட்டரைப் படித்துப் பார்த்தீர்களா?

“கம்பெனி லெட்டர் வந்துடுச்சா? வாங்கி ஃபைல்ல வை. அதுல போய் எதையும் கிளறாதே.”

எச்-1பி விசாவில் அமெரிக்கா கிளம்பும் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெரியவர்களும் அலுவலகத்து அண்ணன்மாரும் முன்னமே போய்வந்தவர்களும் சொல்லும் புத்திமதி இது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. மனுப் போடுவது கம்பெனி, பணம் கட்டுவது கம்பெனி, வக்கீல் கம்பெனியின் வக்கீல். அப்படியிருக்க, கம்பெனி தரும் ஆதரவுக் கடிதத்தைக் கோயில் பிரசாதம்போல வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுதான் முறை என்று உண்மையிலேயே நம்புகிறார்கள். இதன் கூடவே இரண்டு துணைப் பேச்சுகளும் வரும். லெட்டர் வெறும் சம்பிரதாயம், லாட்டரியில் பெயர் விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே நடக்கும் என்பது ஒன்று. வேலையைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கி எழுதினால் நமக்குத்தானே நல்லது என்பது இன்னொன்று.

இந்தப் புத்திமதி அடியோடு தப்பு என்பது என் கட்சி. அதைக் கேட்டு நடந்தவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

சென்னை ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் விசாப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே நடந்தது அங்கே மட்டும் நடந்ததும் இல்லை. டெலிவரி மேனேஜர்களிடமிருந்து எங்களுக்கு ஓர் எக்செல் ஷீட் வரும். பெயர், பாஸ்போர்ட் எண், படிப்பு, பதவி, கிளையண்ட், ஊர், சம்பளம் என்று ஏழு கட்டங்கள். எங்களிடம் நான்கு மாதிரிக் கடிதங்கள் இருந்தன: டெவலப்பருக்கு ஒன்று, டெஸ்டருக்கு ஒன்று, அனலிஸ்டுக்கு ஒன்று, டேட்டாபேஸ் பார்ப்பவருக்கு ஒன்று. ஷீட்டை மாதிரியோடு சேர்த்து ஒரு பட்டனைத் தட்டினால் நாற்பது பேருக்கு நாற்பது கடிதம் வந்துவிடும். பெயரும் சம்பளமும் மாறும். அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்ற பகுதி மட்டும் ஓர் எழுத்து மாறாமல் இருக்கும்.

ஒருமுறை ஒரு பையனின் கடிதத்தில் மூன்று இடங்களில் ‘ஹி’ என்று வரவேண்டியது ‘ஷி’ என்று போய்விட்டது. முந்தைய பெண் ஊழியரின் கடிதத்தின் மேலேயே தட்டச்சு செய்ததால் வந்த பிழை. கையெழுத்துப் போட்டவர் பார்க்கவில்லை. வக்கீல் அலுவலகம் பார்க்கவில்லை. அந்தப் பையனிடம் யாரும் காட்டவே இல்லை. அமெரிக்கக் குடியேற்றத் துறை கூடுதல் ஆதாரம் கேட்டு ஆர்எஃப்இ அனுப்பியபோது பழைய கட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. அவனிடம் ஒருமுறை படிக்கக் கொடுத்திருந்தால் முதல் பக்கத்திலேயே சொல்லியிருப்பான்.

சம்பிரதாயம் என்று சொல்பவர்கள் இந்த விசா எப்படி இயங்குகிறது என்பதைக் கவனிப்பதில்லை. 1990ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் இன்றைய வடிவில் எச்-1பி பிரிவை உண்டாக்கியது. ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்கு மேலும் 20,000. லாட்டரி என்பது இந்த வரிசையில் நிற்க ஒரு டோக்கன் மட்டுமே. டோக்கன் கிடைத்த பிறகு முதலாளி ஐ-129 என்ற படிவத்தில் மனுப் போட வேண்டும். அதில் சொன்னதெல்லாம் உண்மை, பொய்யானால் பொய்ச்சாட்சிக்குரிய தண்டனைக்கு உட்படுகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்காத ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதுதான் ஆதரவுக் கடிதத்தின் வேலை. இந்த வேலைக்கு ஒரு குறிப்பிட்ட துறையின் பட்டப்படிப்பு உண்மையிலேயே தேவைதானா, அந்தப் படிப்பு இந்த ஆளிடம் இருக்கிறதா என்பதே அந்தக் கேள்வி.

மனுவைப் பார்க்கும் அதிகாரி நெப்ராஸ்காவிலோ டெக்சாஸிலோ உட்கார்ந்திருப்பார். உங்கள் முகத்தை அவர் பார்க்கப்போவதில்லை, உங்களோடு பேசப்போவதும் இல்லை. உங்கள் நான்கு வருடப் படிப்பும் ஆறு வருட உழைப்பும் அவருக்குத் தெரிவது அந்தக் கடிதத்தின் வழியாகத்தான். ‘தேவைகளை ஆராய்வார், வடிவமைப்பார், நிரல் எழுதுவார், சோதிப்பார்’ என்று அதில் நான்கு வினைச்சொற்கள் மட்டும் இருந்தால், அதைப் படித்து இதற்குப் பட்டம் எதற்கு என்று அவர் கேட்பது நியாயம்தான்.

நம் ஊர்ப் பிள்ளைகளை இது குறிப்பாகக் கடிக்கும் இடம் ஒன்று உண்டு. கோயம்புத்தூரிலும் திருநெல்வேலியிலும் மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிகல் படித்தவர்களைக் கல்லூரி வளாகத்திலேயே கூட்டமாகத் தேர்ந்தெடுத்து மென்பொருள் வேலைக்குச் சேர்த்துக்கொள்வது நமக்குப் பழகிப்போன காட்சி. அமெரிக்க விதியோ வேலைக்கும் படிப்புக்கும் நேரடித் தொடர்பு கேட்கிறது. 2025 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த திருத்த விதிகள் அந்த நேரடித் தொடர்பு என்றால் என்னவென்றும் சொல்கின்றன: பட்டத்துக்கும் வேலையின் கடமைகளுக்கும் இடையே தர்க்கரீதியான இணைப்பு இருக்க வேண்டும். பட்டத்தின் பெயரும் பதவியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதி கேட்கவில்லை. இணைப்பை எடுத்துக்காட்டு என்றுதான் கேட்கிறது.

எங்கள் நிறுவனத்தில் மெக்கானிக்கல் படித்த ஒரு பெண் இருந்தாள். வாகன இன்ஜின்களின் வெப்பநிலை, அழுத்தச் சோதனைகளில் வரும் தரவுகளை அலசும் மென்பொருளில் வேலை. எந்த அளவீடு உண்மையான கோளாறு, எது சென்சாரின் பிழை என்று பிரித்தறிய அவள் கல்லூரியில் படித்த தெர்மோடைனமிக்ஸ் தினமும் கைகொடுத்தது. கணினி அறிவியல் மட்டும் படித்த ஒருவருக்கு அந்த வேலை ஓடாது. இவ்வளவு வலுவான இணைப்பு கையில் இருந்தும், நாங்கள் அனுப்பிய கடிதத்தில் டெவலப்பர் மாதிரியின் பத்தி அப்படியே போயிருந்தது. ஆர்எஃப்இ வந்த பிறகு அவளை முதன்முறையாக எங்கள் மேஜைக்கு அழைத்தோம். அரைமணி நேரத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். மனுவைக் காப்பாற்றியவை அந்த இரண்டு பக்கங்கள். முதல் நாளே ஏன் கேட்கவில்லை என்று அவள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

‘அதெல்லாம் அப்ரூவல் வாங்கும்வரைதான், அப்புறம் அந்த லெட்டரை யார் பார்க்கிறார்கள்’ என்று ஒரு வாதம் உண்டு. பார்க்கிறார்கள். சென்னையில் அண்ணா மேம்பாலத்தின் அருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பார்க்கிறார்.

என் அக்கா மகன் ஓர் அமெரிக்க கன்சல்டன்சி வழியாக மனுப் பெற்று அங்கே நேர்காணலுக்குப் போனான். என்ன வேலை செய்யப்போகிறாய் என்று கேட்டார்கள். மருத்துவக் காப்பீட்டு உரிமைகோரல்களைச் சரிபார்க்கும் மென்பொருளில் டெஸ்டிங் என்று உள்ளதைச் சொன்னான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அவனுடைய மனுவோடு இருந்த கடிதம் அவனை சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் என்றது. புதிய கட்டமைப்புகளை வடிவமைப்பான், சிறு குழுவை வழிநடத்துவான் என்றது. அதிகாரி மேலும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, விசாவை நிறுத்திவைக்கும் 221(ஜி) என்று அச்சிட்ட சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார். இறுதி கிளையண்டிடமிருந்து கடிதம் வேண்டும், வேலையின் விவரம் வேண்டும் என்று அதில் குறித்திருந்தது.

வெளியே வந்தவன் எனக்குத்தான் முதலில் போன் செய்தான்.

“லெட்டரைப் படிச்சியாடா?” என்றேன்.

“முந்தின நாள் ராத்திரிதான் மெயில்ல வந்துச்சு சித்தி. நூத்திப் பதினாலு பக்கம். அதுல லெட்டர் எதுன்னே எனக்குத் தெரியல.”

“கம்பெனிகிட்ட முன்னாடியே கேட்டிருக்கலாமே?”

“கேட்டா தப்பா நினைப்பாங்கன்னு அப்பா சொன்னாரு.”

கிளையண்ட் கடிதம் வந்து சேர ஒன்பது வாரம் ஆனது. அதற்குள் அந்த இடத்துக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்ற அந்த ஒரு வாக்கியத்தின் விலை அது. அவன் அப்பாவை நான் குறைசொல்ல மாட்டேன். ஊரே அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தது.

கிளையண்டின் கடிதம் ஏன் கேட்கிறார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. செவிலியர்களை மருத்துவமனைகளுக்கு அனுப்பிவைக்கும் ஒரு நிறுவனத்தின் வழக்கில், 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டிஃபென்சார் வழக்கு என்பார்கள். ஆளை அனுப்பும் நிறுவனம் பட்டம் வேண்டும் என்று சொன்னால் போதாது, அவர் உண்மையில் வேலை செய்யும் இடத்தில் அந்தப் பட்டம் தேவையா என்பதுதான் கேள்வி என்றது நீதிமன்றம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் சம்பளத்தில் இன்னொரு நிறுவனத்தின் இடத்தில் வேலை செய்பவர்கள். ஆகவே அந்தத் தீர்ப்பின் நிழல் அவர்கள் மேல் விழுகிறது. 2010 ஜனவரியிலும் 2018 பிப்ரவரியிலும் குடியேற்றத் துறை சுற்றறிக்கைகள் விட்டு, ஒப்பந்தங்களும் வேலை நிரலும் கேட்டு நெருக்கியது. சிறிய மென்பொருள் நிறுவனங்களின் அமைப்பான ஐடிசர்வ் அலையன்ஸ் வழக்குப் போட்டு, 2020 மார்ச்சில் வாஷிங்டன் நீதிமன்றத்தில் வென்றது. அதே ஆண்டு ஜூனில் துறை அந்தச் சுற்றறிக்கைகளைத் திரும்பப் பெற்றது. அத்தோடு தொல்லை தீர்ந்தது என்று எல்லாரும் மூச்சுவிட்டார்கள். ஆனால் 2025இன் விதிகள் ஒப்பந்தங்களைக் கேட்கும் அதிகாரத்தை எழுத்தில் ஏற்றிவிட்டன. மூன்றாம் இடத்தில் வேலை செய்பவருக்கு அந்த இடத்தின் தேவைதான் கணக்கு என்பதையும் ஏற்றிவிட்டன. காற்று இப்படியும் அப்படியும் மாறிமாறி வீசியது. எந்தக் காற்றிலும் தாக்குப்பிடித்தவை உள்ளதை உள்ளபடி, விவரமாகச் சொன்ன கடிதங்களே.

விசா கிடைத்துப் போய்ச் சேர்ந்த பிறகும் கடிதத்தின் வேலை முடிவதில்லை. 2009 முதல் குடியேற்றத் துறையின் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் அலுவலகங்களுக்கு வந்து விசாரிக்கிறார்கள். மனுவில் உள்ள பதவியா, அதே சம்பளமா, அதே இடமா, மேலாளர் யார் என்று கேட்பார்கள். புதிய விதிகளின்படி கிளையண்ட் இடத்துக்கும் வரலாம். ஒத்துழைக்காவிட்டால் மனுவையே ரத்து செய்யலாம். அப்போது உங்கள் மேஜைக்கு எதிரே நிற்பவர் கையில் அந்தக் கடிதம் இருக்கும். நீங்களோ அதைப் படித்தே இருக்க மாட்டீர்கள்.

வேலையிடத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் டல்லாஸ் என்று இருக்க, புராஜெக்ட் மாறியது என்று உங்களை நியூஜெர்ஸிக்கு அனுப்பினால் அது வெறும் உள்ளூர் இடமாற்றம் ஆகாது. திருத்தப்பட்ட மனு போட்டாக வேண்டும் என்று 2015இல் சிமியோ சொல்யூஷன்ஸ் முடிவில் குடியேற்றத் துறையின் நிர்வாக மேல்முறையீட்டு அலுவலகம் அறுதியிட்டுச் சொல்லிவிட்டது. கடிதத்தில் எந்த ஊர் இருக்கிறது என்றே தெரியாதவர் இதை எப்படிக் கேட்பார்?

இனி, ஊதிப் பெரிதாக்குவது. இந்த வழக்கத்தின் மேல் எனக்குக் கோபம் அதிகம். ஏனென்றால் இதை ஒரு சாமர்த்தியமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மனுவுக்கு முன் தொழிலாளர் துறையிடம் எல்சிஏ என்ற சம்பள உறுதிமொழிப் படிவத்துக்குச் சான்று வாங்க வேண்டும். அதில் நான்கு சம்பளப் படிகள் உண்டு. முதல் படி புதிதாகச் சேர்பவருக்கு, நான்காவது படி முழுத் தேர்ச்சி பெற்றவருக்கு. பல நிறுவனங்கள் செலவைக் குறைக்க முதல் படியைப் போட்டுவிட்டு, கடிதத்தில் மட்டும் ஆளை வானத்துக்குத் தூக்கிவைக்கும். குழுவை நடத்துவார், சிக்கலான முடிவுகளைத் தனியாக எடுப்பார் என்று எழுதும். அவ்வளவு பெரிய ஆளுக்கு ஏன் இவ்வளவு சின்னச் சம்பளம் என்று அதிகாரி கேட்பார். 2017இல் இதே கேள்வியோடு ஆர்எஃப்இகள் குவிந்தபோது எங்கள் மேஜையில் எட்டு மணிக்கு முன் யாரும் வீட்டுக்குப் போனதில்லை. ஊதியதால் மனு வலுத்ததில்லை. அதற்குள்ளேயே ஒரு முரண்பாட்டை வைத்துத் தைத்ததுதான் மிச்சம்.

இதைவிடப் பெரிய ஆபத்து அந்தப் பிள்ளையின் தலையில் விடிகிறது. விசா பெறுவதற்காகத் தெரிந்தே முக்கியமான ஒன்றைத் திரித்துச் சொன்னவர் அமெரிக்காவுக்குள் நுழையத் தகுதியற்றவர் என்கிறது அந்நாட்டுச் சட்டம். அந்தத் தடைக்குக் கால வரம்பு கிடையாது. கடிதத்தில் இருப்பது பொய் என்று தெரிந்தும் நேர்காணலில் அதையே ஒப்பிக்கச் சொல்லிக்கொடுக்கும் கன்சல்டன்சிக்கு, நாளை இன்னொரு ஆள் கிடைப்பார். ஒப்பித்தவருக்கு இன்னொரு வாழ்க்கை கிடைக்காது.

பெரிய நிறுவனத்தின் கடிதம் என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு 2013ஐ நினைவூட்டுகிறேன். பி-1 என்ற வணிகப் பயண விசாவில் வேலைக்கே ஆளனுப்பினார்கள், அழைப்புக் கடிதங்களில் கூட்டம், கலந்துரையாடல் என்று காரணம் காட்டினார்கள் என்று இன்ஃபோசிஸ் மீது அமெரிக்க அரசு குற்றஞ்சாட்டியது. கடிதத்தில் வேலை என்று ஒலிக்கும் சொற்களைத் தவிர்க்கும்படி ஊழியர்களுக்கு அறிவுரை போனது என்பதும் அந்தக் குற்றச்சாட்டில் ஒன்று. நிறுவனம் மோசடி என்பதை மறுத்தது. பணியாளர் தகுதிப் படிவங்களைப் பராமரித்ததில் குறைகள் இருந்ததை ஏற்றது. 2013 அக்டோபரில் 3 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டது. அப்படிப்பட்ட அழைப்புக் கடிதங்களை எழுத மறுத்ததாகச் சொன்ன ஊழியர் ஜாக் பால்மர். அவர் தமக்கு நேர்ந்ததற்கு நிவாரணம் கேட்டுத் தனியாகத் தொடுத்த வழக்கு 2012இல் அலபாமாவில் தள்ளுபடியானது.  ஒரு கடிதத்தில் எந்தச் சொல் இருந்தது என்பதைச் சுற்றி இவ்வளவும் நடந்தது. சம்பிரதாயத்துக்கு யாரும் 3 கோடியே 40 லட்சம் டாலர் கொடுப்பதில்லை.

சலுகை என்ற பேச்சுக்கு வருகிறேன். முதலாளி உங்களுக்காக எழுதிக் கொடுக்கிறார், அது அவர் பெருந்தன்மை என்கிறார்கள். மனுதாரர் அவர்தான். ஆள் வேண்டும் என்று அரசிடம் கேட்பவர் அவர்தான். வேலை அவருடையது, தேவையும் அவருடையது. எச்-1பி மனுவுக்கான வக்கீல் கட்டணமும் மனுக் கட்டணமும் முதலாளியின் தொழில் செலவு என்று தொழிலாளர் துறை விதிகள் சொல்கின்றன. சிறிய நிறுவனத்துக்கு 750 டாலர், 25 பேருக்கு மேல் உள்ள நிறுவனத்துக்கு 1,500 டாலர் என்று பயிற்சி நிதிக்காக ஒரு கட்டணம் உண்டு. அதை ஊழியரிடம் எந்த வடிவிலும் வசூலிக்கக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. தூதரகத்தில் கட்டும் விசாக் கட்டணம் 205 டாலர் மட்டும் ஊழியர் கட்டலாம். இதெல்லாம் தெரியாததால்தான் ‘லெட்டருக்கு இவ்வளவு, பிராசஸிங்குக்கு இவ்வளவு’ என்று லட்சக்கணக்கில் பணம் வாங்கும் கன்சல்டன்சிகள் இங்கே பிழைக்கின்றன. நகையை அடகு வைத்து அந்தப் பணத்தைக் கட்டிய குடும்பங்களை நான் அறிவேன். கடிதத்துக்குக் காசு கேட்பவர் முதலாளியாக இருக்கத் தகுதியில்லாதவர் என்று நேராகவே சொல்லிவிடலாம்.

2025 செப்டம்பர் 19ஆம் தேதி வெளியான அமெரிக்க அதிபரின் பிரகடனத்துக்குப் பிறகு இந்தச் சலுகைப் பேச்சுக்குப் புது பலம் வந்திருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் என்றது அது. அவ்வளவு பணம் கட்டி உன்னைக் கூப்பிடுகிறவனிடம் போய் லெட்டரைக் காட்டு என்று கேட்பாயா என்கிறார்கள். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. ஒரு லட்சம் டாலர் தொங்கும் மனுவில், வேலையைப் பற்றிய பத்தியை நான்கு மாதிரிகளில் ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டுவதற்குத்தான் முதலாளி பயப்பட வேண்டும். வேலை செய்பவர் அதைப் படித்துப் பிழை சொன்னால் முதலாளிக்குத்தான் லாபம்.

பழைய முதலாளிகளின் கடிதம் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை நிறைவாகாது. மூன்று வருட பி.எஸ்சி., பிசிஏ படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அமெரிக்காவின் நான்கு வருட இளங்கலைக்கு அது தனியாக ஈடாகாது என்பது வழக்கமான மதிப்பீடு. குறையும் ஒவ்வொரு கல்வி ஆண்டுக்கும் மூன்று வருட அனுபவத்தை ஈடாகக் காட்ட விதியில் இடம் இருக்கிறது. ஆனால் வெறும் அனுபவம் செல்லாது. துறையின் சிறப்பறிவைப் பயன்படுத்திய வேலையாக இருக்க வேண்டும், அதே துறையில் பட்டம் பெற்றவர்களோடு சேர்ந்து செய்ததாக இருக்க வேண்டும், துறையில் உங்கள் திறமை மதிக்கப்பட்டதற்கும் சான்று வேண்டும். நம் ஊர் ரிலீவிங் லெட்டரில் என்ன இருக்கும்? இன்ன தேதி சேர்ந்தார், இன்ன தேதி விலகினார், நன்னடத்தை உள்ளவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். நான்கு வரி. அந்த நான்கு வரியில் மேலே கேட்ட எதுவும் இல்லை. வாழ்த்து மட்டும் இருக்கிறது.

மதுரையில் பி.எஸ்சி. முடித்த ஒரு பெண்ணின் முதல் கம்பெனி அவள் விலகிய சில வருடங்களில் இழுத்து மூடப்பட்டது. லெட்டர்ஹெட்டும் இல்லை, எச்ஆரும் இல்லை. அவளுடைய பழைய டீம் லீடைத் தேடிப்பிடித்தோம். பெங்களூரில் வேறொரு வேலையில் இருந்தார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எந்த மாதத்தில் எந்த மாட்யூலை அவள் எழுதினாள், குழுவில் இருந்தவர்கள் என்ன படித்தவர்கள், அவளை நம்பி எதை ஒப்படைத்தார்கள் என்று மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு, தன் பட்டச் சான்றின் நகலோடு அனுப்பினார். ஒரு ரூபாய் வாங்கவில்லை. அந்த மனுவில் இருந்த தாள்களிலேயே நான் மரியாதையோடு கையில் எடுத்த தாள் அது. இருபத்தைந்து வயதில் வேலையை விடும்போதே இப்படி ஒரு கடிதம் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கல்லூரியும் சொல்லித்தருவதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஊழியர் பலவீனமானவர், விசா முதலாளியின் பிடியில் இருக்கிறது, வேலை போனால் 60 நாளைக்குள் வேறு வழி பார்க்க வேண்டும், இந்த நிலையில் அவரைக் கேள்வி கேட்கச் சொல்வது அவரைப் பலிகொடுப்பதாகாதா என்பது அந்த வாதம். உண்மைதான், பலம் சமமில்லை. மனு முழுவதையும் ஊழியருக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆனால் பலவீனமானவருக்கு எழுத்தைத் தவிர வேறு துணை ஏது? எல்சிஏயின் பிரதியை, வேலையில் சேரும் நாளுக்குள் ஊழியரிடம் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. அதில் உங்கள் சம்பளமும் ஊரும் இருக்கின்றன. புராஜெக்ட் இல்லை, பெஞ்சில் இரு, சம்பளம் அப்புறம் என்று சொல்வதை அந்தத் தாள் தடுக்கிறது. வேலை கொடுக்காதது முதலாளியின் குறை என்றால் அந்தச் சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் 12 மாதத்துக்குள் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம். புகார் செய்தவரைப் பழிவாங்குவதும் சட்டவிரோதம். அனுமதிக் காலம் முடியுமுன் முதலாளி தானாக வேலையைவிட்டு நீக்கினால் ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவும் அவருடையது. இவற்றில் ஒன்றைக்கூடக் கையில் தாளில்லாமல் நிலைநாட்ட முடியாது. கேட்காமல் இருப்பதால் யாரும் பலம் பெற்றதை நான் பார்த்ததில்லை.

கேட்பது என்றால் சண்டை என்று ஏன் நினைக்க வேண்டும்? எங்கள் மேஜைக்கு வந்து கேட்டவர்களை நாங்கள் தப்பாக நினைத்ததில்லை. உண்மையில் அப்படி வந்தவர்கள் மிகக் குறைவு. ஒரு பையன் தானாகவே ஒரு பக்கம் தட்டச்சு செய்து கொண்டுவந்தான். வாரத்தில் எவ்வளவு நேரம் எந்த வேலைக்குப் போகிறது, அதற்குக் கல்லூரியில் படித்த எந்தப் பாடம் பயன்படுகிறது, யாரிடம் அறிக்கை கொடுக்கிறான் என்று எழுதியிருந்தான். “மேடம், இது உங்களுக்கு உதவியா இருக்குமான்னு பாருங்க. லெட்டர் டிராஃப்ட் ஆனதும் ஒருதடவை எனக்குக் காட்டுங்க” என்றான். அவ்வளவுதான். அவன் கடிதத்தை மாதிரியில் போட எங்களுக்கே மனம் வரவில்லை. வக்கீலுக்கும் வேலை மிச்சமாயிற்று.

விசாப் பிரிவுகளில் இன்று நான் இருந்த நாற்காலியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கையெழுத்துக்குப் போகும் முன் அந்தக் கடிதத்தை உரியவருக்கு ஒரு நாள் முன்னதாக அனுப்புங்கள். ஒரு மெயில் போதும். நான் ஒன்பது வருடம் அதைச் செய்யவில்லை. செய்திருக்க வேண்டும்.

கிளம்பும் பிள்ளைகளுக்கு: மனுப் போகும் முன் டிராஃப்ட்டைக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், பணிவாகக் கேளுங்கள். பதவி, கடமைகள், சம்பளம், ஊர், படிப்பு ஆகிய ஐந்தையும் விரல்வைத்துப் படியுங்கள். நீங்கள் செய்யாத வேலை அதில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், செய்கிற வேலை விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால் அந்த மனுவில் போகாதீர்கள். என் அக்கா மகன் இப்போது வேறொரு நிறுவனத்தில் இருக்கிறான். இந்த முறை அவனுடைய கடிதம் ஆறு பக்கம். அதில் இரண்டு பக்கம் அவன் எழுதியது.